மேரி செஸ்நட் விட்டுச்சென்ற தாள்கள்: எந்தப் பிரதியைப் படிக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் போர்க்கால நாட்குறிப்புகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் கரோலினாவில் வாழ்ந்த மேரி பாய்கின் செஸ்நட்டைப் பற்றியும் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. கல்லூரியில் அமெரிக்க வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், அவருடைய எழுத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்து வருபவள் என்ற முறையிலும், அக்கட்டுரையில் இடம்பெற்ற இரண்டு கூற்றுகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. செஸ்நட் தம் நூல் முழுவதையும் பீரங்கி முழக்கத்துக்கு நடுவே அன்றன்றைக்கே எழுதினார் என்பது முதல் கூற்று. அடிமை முறையைக் கண்டித்து அவர் எழுதிய வரிகள், போரில் தோற்ற பின் நற்பெயரைக் காத்துக்கொள்வதற்காகச் சேர்க்கப்பட்டவையாக இருக்கலாம் என்பது இரண்டாவது. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுத் தவறு. இரண்டையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த அம்மையாரின் கையெழுத்துத் தாள்கள் அடுக்கடுக்காக இன்றும் நம்மிடம் இருப்பதுதான்.

1823 மார்ச் 31 அன்று தென் கரோலினாவின் ஸ்டேட்பர்க் பகுதியில் பிறந்தவர் மேரி. அவருடைய தந்தை ஸ்டீபன் டெகேட்டர் மில்லர் அம்மாநிலத்தின் ஆளுநராகவும் பின்னர் வாஷிங்டனில் செனட்டராகவும் இருந்தவர். சார்ல்ஸ்டன் நகரில் மதாம் தல்வாந்த் என்ற பெண்மணி நடத்திய பள்ளியில் பிரெஞ்சு மொழியைத் தாய்மொழி போலக் கற்ற மேரி, 17 வயதில், 1840 ஏப்ரலில், ஜேம்ஸ் செஸ்நட் என்பவரை மணந்து, கேம்டன் ஊருக்கு அருகிலிருந்த மல்பெரி என்னும் பெரும் பண்ணையின் மருமகளானார். மாமனாரிடம் நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். மேரிக்குக் குழந்தைப் பேறு இல்லை. 1858இல் செனட்டரான கணவர், லிங்கன் தேர்தலில் வென்ற சில நாட்களுக்குள், 1860 நவம்பரில் பதவி விலகினார். போர் தொடங்கிய பின் தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவரான ஜெபர்சன் டேவிஸுக்கு உதவியாளராகவும் பணியாற்றினார். மான்ட்கோமரி, சார்ல்ஸ்டன், ரிச்மண்ட், கொலம்பியா என அதிகாரம் இடம் பெயர்ந்த ஊர்களிலெல்லாம், ஆண்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் இடத்தில் அந்தப் பெண்மணி இருந்தார் என்பதே அவருடைய எழுத்தின் பலம்.

இனி, தாள்களுக்கு வருகிறேன். 1861 பிப்ரவரியில் செஸ்நட் குறிப்பு எழுதத் தொடங்கினார். போர்க்காலத்தில் அவர் கைப்பட எழுதியவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 1861ஆம் ஆண்டின் பெரும்பகுதிக்கும் 1865இன் சில மாதங்களுக்கும் உரியவை மட்டுமே. ஏழு குறிப்பேடுகளில் அடங்கிவிடும் அந்த எழுத்து, பிறர் கண்ணில் படக்கூடாது என்று பூட்டி வைத்து எழுதப்பட்டது. வாக்கியங்கள் பாதியில் நிற்கும், ஆட்களின் பெயர் முதல் எழுத்தோடு முடிந்துவிடும், ஒரு வரியில் விருந்து, அடுத்த வரியில் போர், அதற்கடுத்த வரியில் கணவர் மீதான கோபம் என்று தாவிச் செல்லும். 1863இல் வடக்குப் படையின் குதிரை வீரர்கள் ரிச்மண்ட் நகரை நெருங்கியபோது, தம் குறிப்புகளில் ஒரு பகுதியை அவரே தீயிட்டு எரித்துவிட்டார். 1862 ஆகஸ்ட் முதல் 1863 அக்டோபர் வரையிலான இடைவெளியைப் பின்னர் நினைவிலிருந்து நிரப்பியதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

போர் முடிந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஒரு முறை அக்குறிப்புகளைச் சீர்செய்யத் தொடங்கி, பாதியில் விட்டார். அதே 1870களில் நாவல்கள் எழுதிப் பழகினார். ஒன்று போரைப் பற்றியது. மற்றொன்று தம் பள்ளி நாட்களையும், பருத்திப் பண்ணை தேடித் தந்தை குடும்பத்தோடு மிசிசிப்பிக்குச் சென்ற காலத்தையும் பற்றியது. அவர் உயிரோடிருந்தவரை அவை அச்சேறவில்லை. ஆனால் உரையாடல் எழுதவும், ஒரு காட்சியை எங்கே தொடங்கி எங்கே வெட்ட வேண்டும் என்று அறியவும் அந்த நாவல்களில்தான் அவர் கை பழகியது. பின்னர் 1881 முதல் 1884 வரை, ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான மெல்லிய நோட்டுகளில், சுமார் 4 லட்சம் சொற்கள் அளவுக்கு, முழுவதையும் புதிதாக எழுதினார். நாள், தேதி, நிகழ்காலம் என நாட்குறிப்பின் வடிவம் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது 60 வயதை நெருங்கிய ஓர் எழுத்தாளரின் கலை. இன்று உலகம் மேரி செஸ்நட்டின் நாட்குறிப்பு என்று படிப்பது பெரும்பாலும் இந்தப் பிரதியைத்தான்.

இரண்டு பிரதிகளுக்கும் உள்ள உறவை விளக்க ஓரிடத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். 1861 மார்ச் மாதத் தொடக்கத்தில், மான்ட்கோமரி நகரில், ஒரு பெண் ஏலத்தில் விற்கப்படுவதை அவர் பார்க்கிறார். அன்றைய குறிப்பேட்டில் அது சில வரிகளே. பட்டாடை உடுத்தி மேடையில் நின்ற அந்தப் பெண் தம் வீட்டு அடிமைப் பெண்ணான நான்சியைப் போல இருந்தாள் என்கிறார்; தென் கரோலினாவின் அடிமை உடைமையாளராகிய தமக்கே உள்ளம் குமட்டியது என்கிறார்; பெரும்பாலான பெண்கள் திருமணத்தில் தங்களைத் தாங்களே விற்றுக்கொள்வதைவிட இது மோசமில்லை என்று மனத்தைத் தேற்றப் பார்த்து, திருமணத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் விவிலியத்திலேயே ஒப்புதல் இருக்கிறதே என்று எழுதி, பாவம் பெண்கள், பாவம் அடிமைகள் என்று முடித்துவிடுகிறார். இருபது ஆண்டுகள் கழித்து எழுதிய பிரதியில் அதே காட்சி விரிகிறது. தெருவில் நடந்து செல்லும்போது, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அந்தப் பெண் தெரிகிறாள். எழுதுபவருக்குக் கடல் பயணத்தில் வருவது போல மயக்கமும் குமட்டலும் வருகின்றன. ஒரு கடைக்குள் நுழைந்து முக்காலியில் உட்கார்ந்து, கட்டுக்கடங்காத எண்ணங்களை அடக்கப் பார்க்கிறார். கூண்டிலடைபட்ட பறவையைக் கண்டு அடிமைத்தனத்தை எண்ணி வருந்திய ஆங்கில எழுத்தாளர் ஸ்டெர்ன் நினைவுக்கு வர, அவர் சிந்தித்தாரே தவிர உணரவில்லை என்று வெட்டிச் சொல்கிறார்.

முக்காலியும் ஸ்டெர்னும் பின்னால் வந்தவை. திருமணத்தையும் ஏலத்தையும் அருகருகே நிறுத்திய அந்தத் துணிச்சலோ, விற்பனை நடந்த அன்றே பூட்டிய குறிப்பேட்டில் எழுதப்பட்டது. காட்சியை அமைத்தவர் முதியவர். கண்டவரும் நினைத்தவரும் 37 வயதுப் பெண். இதை ஊகத்தால் சொல்லவில்லை. இரண்டு தாள்களும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

தங்கள் கட்டுரையாளர் ஐயுற்ற வரிகளுக்கும் இதே சான்று போதும். அடிமை முறை எந்த நாட்டுக்கும் சாபக்கேடு என்று நினைப்பது பாவமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, அடிமை முறையைக் கடுமையாகத் தாக்கிப் பேசிய வடக்கத்திய செனட்டர் சார்ல்ஸ் சம்னர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று ஒப்புக்கொண்டு, எங்கள் அமைப்பு கொடூரமானது, அநியாயமானது, கடவுள் எங்களை மன்னிக்கட்டும் என்று அவர் எழுதியது 1861 மார்ச் 18 அன்று. அப்போது போரே தொடங்கவில்லை. சம்டர் கோட்டை மீது முதல் குண்டு விழுந்தது ஏப்ரல் 12ஆம் நாள் விடியற்காலையில்தான். அதே பதிவில்தான், ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் வெள்ளைக் குழந்தைகளைப் போலவே முகச்சாயல் கொண்ட கலப்பினக் குழந்தைகள் இருப்பதையும், அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தகப்பன் யார் என்று விரல் நீட்டிச் சொல்லும் சீமாட்டிகள் தம் வீட்டுக் குழந்தைகள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவை என்பது போல நடந்துகொள்வதையும் எழுதுகிறார். அவர் தம் புகுந்த வீட்டையும், குறிப்பாக மாமனாரையும், மனத்தில் வைத்தே இப்படி எழுதினார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கணவரோ மாமனாரோ படித்திருந்தால் அந்த வீட்டில் அவர் நிலை என்னவாகியிருக்கும்? நற்பெயருக்காக எழுதப்படும் வரிகள் பூட்டுக்குள் வைக்கப்படுவதில்லை.

இதனால் செஸ்நட்டை அடிமை ஒழிப்புப் போராளியாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தென் மாநிலங்கள் பிரிந்து செல்வதை அவர் ஆதரித்தார். அடிமைகளின் உழைப்பில் உண்டார், உடுத்தினார். கறுப்பின மக்களை இழிவாகப் பேசும் வரிகளும் அவர் எழுத்தில் நிறையவே உண்டு. வெள்ளை ஆண்களின் இழிசெயலுக்குக் கறுப்பினப் பெண்களையே பழிக்கும் கொடுமை, மேற்சொன்ன மார்ச் 18 பதிவிலேயே இருக்கிறது. அடிமை முறையை அவர் வெறுத்ததற்கு முதற்காரணம், அது வெள்ளைக் குடும்பப் பெண்களுக்குச் செய்த தீங்கு. இந்தக் கலப்பை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதும், இதைக் காட்டி அவரை ஒதுக்குவதும், அந்தத் தாள்களைப் படிக்காமலே செய்யக்கூடியவை.

போருக்குப் பின் செஸ்நட்டின் வாழ்க்கை எளிதாக இல்லை. கடன் கழுத்தை நெரிக்க, ஒரு காலத்தில் பிரெஞ்சு நாவல்களைப் படித்து மகிழ்ந்த அவர், மாலி என்ற கறுப்பினப் பணிப்பெண்ணோடு சேர்ந்து வெண்ணெயும் முட்டையும் விற்றுக் கைச்செலவைப் பார்த்துக்கொண்டார். 1885 தொடக்கத்தில் கணவரும் தாயாரும் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். மல்பெரி பண்ணை குடும்பத்தின் ஆண் வாரிசுக்குப் போக, இவருக்கு எஞ்சியது கேம்டனில் ஒரு வீடும் சொற்ப வருமானமும்தான். அந்த 4 லட்சம் சொற்களில் எதையும் அவர் அச்சில் காணவில்லை. சார்ல்ஸ்டன் செய்தித்தாள் ஒன்று போர்க்காலப் பெண்களைப் பற்றி வெளியிட்ட தொடருக்காக ஒரு சிறு கட்டுரை எழுதிக்கொடுத்து 10 டாலர் பெற்றார். எழுத்தால் அவர் ஈட்டியது அவ்வளவே. 1886 நவம்பர் 22 அன்று, இதய நோயால் காலமானார்.

பிள்ளைகள் இல்லாத அந்தப் பெண்மணி தம் நோட்டுகளை யாரிடம் ஒப்படைத்தார் என்பது எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. கணவர் வழி ஆண் வாரிசுகளிடம் அல்ல; கொலம்பியா நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்த தம் தோழி இசபெல்லா மார்ட்டினிடம். மார்ட்டின் அவற்றைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். 1904 வாக்கில் மிர்ட்டா லாக்கெட் ஏவரி என்ற எழுத்தாளர் வந்து பார்த்து, வெளியிடலாம் என்று வற்புறுத்தியிராவிட்டால் அவை அப்படியே இருந்திருக்கவும் கூடும். இருவரும் சேர்ந்து 1905இல் வெளியிட்ட முதல் பதிப்பின் தலைப்புகூட செஸ்நட் இட்டதன்று. அதைத் தொடராக வெளியிட்ட வார இதழ் வைத்த பெயர். மூலத்தில் பாதிக்கும் குறைவான பகுதியே அப்பதிப்பில் வந்தது. தென் மாநிலப் பெருமைக்கு ஊறு செய்பவையும், உயிரோடிருந்தவர்களின் மனத்தைப் புண்படுத்துபவையும் வெட்டப்பட்டன. போர்க்காலக் குறிப்புக்கும் பிந்திய பிரதிக்கும் இருந்த வேறுபாடு வாசகருக்கு விளங்காதபடி முன்னுரை எழுதப்பட்டது. மார்ட்டின் அம்மையாரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் வைத்துக் காத்திராவிட்டால் வெட்டுவதற்கே ஒன்றும் இருந்திராது. ஆனால் வெட்டியதை வெட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

1949இல் நாவலாசிரியர் பென் ஏமஸ் வில்லியம்ஸ் வெளியிட்ட இரண்டாவது பதிப்பு அளவில் பெரியது. விட்டுப்போன பலவற்றைச் சேர்த்தது. எனினும் வாக்கியங்களைத் தம் விருப்பம்போல் செப்பம் செய்துவிட்டார் வில்லியம்ஸ். வரலாற்றறிஞர் சி. வான் உட்வர்ட் 1981இல் கொண்டுவந்த பதிப்பில்தான் உண்மை முழுமையாக வெளிப்பட்டது. 1880களின் பிரதியை அடிப்படையாகக் கொண்டு, போர்க்காலக் குறிப்பேடுகளில் இருந்து செஸ்நட் பின்னர் விட்டுவிட்ட இடங்களைத் தனிக் குறியீடுகளுக்குள் அடைத்து, எது எப்போது எழுதப்பட்டது என்று வாசகரே காணும்படி அவர் பதிப்பித்தார். மறு ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. 1984இல் உட்வர்டும் எலிசபெத் மியூலன்ஃபெல்டும் சேர்ந்து மூலக் குறிப்பேடுகளைத் தனி நூலாகவே வெளியிட்டார்கள். நாவல்களையும் மியூலன்ஃபெல்ட் 2002இல் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

1981இல் இந்த உண்மை வெளியானதும், அமெரிக்க நாளிதழ் ஒன்றின் மதிப்புரையில் இது ஒரு மோசடி என்றே எழுதப்பட்டது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. 1883இல் தம் தோழி வரினா டேவிஸுக்கு, அதாவது ஜெபர்சன் டேவிஸின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பைத் திருத்தி, படியெடுத்து, தம்மை அதிலிருந்து விலக்கிக்கொண்டு வருவதாகச் செஸ்நட் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். ஏமாற்ற நினைப்பவர் இப்படி எழுதுவாரா? தம் கோபத்தையும் புலம்பலையும் குறைத்து, தம்மைச் சுற்றிப் பேசிய நூறு பேரின் குரலைக் கூட்டினார். அவரைச் சாட்சி என்பதோடு எழுத்தாளர் என்றும் அழைக்க வைத்தது அந்த உழைப்புத்தான். சம்டர் கோட்டை தாக்கப்பட்ட விடியலில் சார்ல்ஸ்டன் வீட்டு மாடியில் பெண்கள் கூடி நின்று வெடிக்கும் குண்டுகளைப் பார்க்க, செஸ்நட் கரிய முக்காலி என்று நினைத்துப் புகைபோக்கியின் மீது உட்கார்ந்து தம் உடையில் தீப்பற்ற வைத்துக்கொண்ட காட்சியைப் படித்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த விடியலை அவர் கண்டார். அதை நாம் காணும்படி செய்தது 1880களின் பேனா.

இன்று இத்தாள்கள் கொலம்பியா நகரில், தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் தென் கரோலினியானா நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1840இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம், 1865 பிப்ரவரி 17 இரவு கொலம்பியா நகரின் பெரும்பகுதி எரிந்தபோது தப்பியது. செஸ்நட் அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் நகரை விட்டு வடக்கே லிங்கன்டன் என்ற சிற்றூருக்கு ஓடியிருந்தார். குறிப்பேடுகளும் திருத்திய நோட்டுகளும் குடும்பக் கடிதங்களும் ஒரே இடத்தில் இருப்பதால்தான், ஒரு வரி எப்போது பிறந்தது, எப்போது மாறியது என்று தேடிச் சொல்ல முடிகிறது.

ஒன்றை மட்டும் அந்த நூலகத்தாலும் தர முடியாது. நான்சியும் மாலியும் அந்த வீட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று சொல்லும் தாள் எதுவும் அங்கே இல்லை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை 1834ஆம் ஆண்டுச் சட்டத்தால் தென் கரோலினா தடை செய்திருந்தது. ஏல மேடையில் நின்ற பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவளை வாங்கக்கூடிய நிலையில் இருந்த ஒருவர் எழுதியது. செஸ்நட்டின் தாள்களைப் பயன்படுத்தும் எந்தக் கட்டுரையும் இதை ஒரு வரியிலாவது சொல்வது கடமை என்று கருதுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1905ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் காப்புரிமை தீர்ந்துவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும், நம் மாணவர்கள் தரவிறக்கிப் படிப்பதும், தங்கள் கட்டுரையாளர் மேற்கோள் காட்டியிருப்பதும் அதுவே. மிக எளிதாகக் கிடைக்கும் பதிப்பே மிகுதியாக வெட்டப்பட்ட பதிப்பாக இருப்பது இங்கே நேர்ந்துள்ள கேடு. ஆகவே கட்டுரையின் இணையப் பிரதியில் மேற்கண்ட இரண்டு கூற்றுகளையும் திருத்துவதோடு, மேற்கோள் ஒவ்வொன்றும் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்றும், அது போர்க்காலக் குறிப்பேட்டில் உள்ளதா 1880களின் பிரதியில் மட்டும் உள்ளதா என்றும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். செஸ்நட்டைத் தமிழில் பெயர்க்க எண்ணுவோர் யாரேனும் இக்கடிதத்தைப் படித்தால், 1984இல் வந்த மூலக் குறிப்பேடுகளிலிருந்து தொடங்குங்கள். அளவில் அதுவே சிறியது, ஒருவரால் செய்து முடிக்கக்கூடியது. 1861 மார்ச் மாதப் பதிவுகள் மட்டும் தமிழில் வந்தால்கூட, தங்கள் ஞாயிறு இணைப்பில் அதற்கு இடம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை,
திருநெல்வேலி.